தொப்பிக்குள் இருந்த பெயர்

சுவிட்சர்லாந்தில் நான் ஆறு நாள் இருந்தேன். அந்த ஆறு நாளும் ஊர்க்காரர் ஒருவர்கூட என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

என் பெயர் கு. நடராஜன். பாஸ்போர்ட் வாங்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் குப்புசாமி வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். எங்கள் அப்பா சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுப் படம் பார்த்தேன் என்று தெரிந்து ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவர். அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து அவர் பெயருக்கு ஒரு திரைப்பட விழாவிலிருந்து அழைப்பு வந்தது.

விழா லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில். மலைமேல் இருக்கிற கடிகார ஊர். அங்கே ஒரு வாரம் பழைய ஊமைப் படங்கள் போட்டார்கள். எல்லாம் பத்து நிமிஷம், இருபது நிமிஷச் சிரிப்புப் படங்கள், துப்பறியும் கதைகளைக் கிண்டல் செய்பவை. நான் கோயமுத்தூரில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மிச்ச நேரத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டியின் செயலாளர். பழைய டூரிங் கொட்டகை நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்து, அந்தக் காலத்தில் இந்தத் துண்டுப் படங்களை நம் ஊரில் எப்படிக் காட்டினார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அது எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருந்தது. பதினைந்து நிமிஷம் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஐம்பத்தி நாலு வயசு, முழங்கால் வலி. முடியாது என்று சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ரயிலைவிட்டு இறங்கினேன். மார்ச் மாதம்தான், ஆனால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பெரியவர் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் பெரிய எழுத்தில் குப்புசாமி என்று இருந்தது. பரவாயில்லையே, நம் பக்கத்து ஆள் இன்னொருவரும் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவரைக் கடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை அழைத்துப்போக யாராவது வருவார்கள் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்கு என் முன்னால் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயசு இருக்கும். கையில் காய்கறிப் பை, தலையில் நீலக் கம்பளித் தொப்பி.

“அண்ணை, தமிழோ?”

“ஆமாங்க” என்றேன். பெட்டியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன்.

“இந்தக் குளிருக்க ஏன் இதில இருக்கிறியள்?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். “நான் வேலை முடிஞ்சு இதால வரேக்க ஒரு கிழவன் மட்டை பிடிச்சுக்கொண்டு நிண்டது. குப்புசாமி எண்டு எழுதிக் கிடந்தது. அது நீங்களோ?”

“அது எங்க அப்பாங்க” என்றேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து குனிந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார். “உந்தப் பேர் வருத்தம் எனக்கும் பிடிச்சுக் கிடக்கு, அண்ணை. சிரிக்கக் கூடாது” என்றார். தன் பெயர் அன்ரன் என்றும், சொந்த ஊர் மன்னார் என்றும், இங்கே கைக்கடிகாரங்களின் உலோகக் கூடுகளுக்குப் பாலிஷ் போடும் தொழிற்சாலையில் வேலை என்றும் சொன்னார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் வரைக்கும் வந்தார். ஹோட்டல் மேஜைக்குப் பின்னால் இருந்தவர், “வாருங்கள் மொஸ்யே குப்புசாமி, உங்களைக் காணோம் என்று விழாக்காரர்கள் மூன்று முறை போன் செய்தார்கள்” என்றார். மொஸ்யே என்றால் அங்கே மிஸ்டர்.

மறுநாள் காலையில் ரொட்டி, வெண்ணெய், நாலு விதமான சீஸ். நாலும் எனக்கு ஒரே மாதிரி ஈரச் சாக்கு வாசனை அடித்தது. ரொட்டியை மட்டும் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஊர் முழுக்க ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில், கட்டம் போட்ட தாளில் வரைந்ததுபோல் நேர்நேரான தெருக்கள். எங்கள் ஊரில் தெரு கோணலாக இருப்பதால்தான் அடையாளம் தெரிகிறது. இங்கே மூன்று முறை ஒரே ரொட்டிக் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரம்மா மூன்றாம் முறை வெளியே வந்து கையைப் பிடித்துத் தியேட்டரைக் காட்டினார்.

தியேட்டரில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் கோட்டைக் கழற்றாமல். ஓரமாக ஒருவர் பியானோ வாசித்தார். அவருக்கு இருமல் வந்தால் பியானோ நிற்கும், படம் ஓடும். முதல் படத்தில் துப்பறியும் நிபுணர் பூதக்கண்ணாடியோடு தரையில் ஊர்ந்து ஊர்ந்து காலடித் தடம் பார்க்கிறார். தடம் சமையலறைக்குப் போகிறது, மாடிக்குப் போகிறது, கட்டிலைச் சுற்றுகிறது. அவர் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு தடமும் அவருடைய சொந்தச் சகதிக் காலின் தடம். கடைசியில் தன் கைக்குத் தானே விலங்கு மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடுகிறார். இன்னொரு படத்தில் ஏழு ஒற்றர்கள் ஒரே கடையில் வாங்கின ஒரே ஒட்டுத்தாடியோடு ஒருவரையொருவர் பின்தொடர்கிறார்கள். திருடன் மட்டும்தான் சவரம் செய்த முகம். அவனை யாரும் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே நாளில் பதினாலு துப்பறியும் நிபுணர்களைப் பார்த்தால் யாருக்கும் தலை வலிக்கும். பதினாலு பேரும் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பதினாலு பேருக்கும் எதுவும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அன்ரன் தன் அறைக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாம் மாடி. அவரோடு இருந்த இரண்டு பேரும் சாயங்கால ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். டின் மீன் குழம்பும், சோறும், தேங்காய்ப்பால் விட்ட ஒரு சொதியும் வைத்திருந்தார். நான் பேசாமல் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். கட்டிலுக்கு மேலே மடு மாதா படம், அதன் கீழே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் இருக்கிற போட்டோ.

“மனுசியும் பெடியனும்” என்றார். “உங்கட நாட்டிலதான் இருக்கினம். மண்டபம் அகதி காம்ப்பில. பெடியன் ஏழு மாசத்தில விட்டிட்டு வந்தனான். இப்ப மூண்டு வயசு.”

அவருக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் வரவழைக்க விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு வந்த பதில் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். பிரெஞ்சில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்தவர் ஒருவர் வாசித்துச் சொல்லியிருக்கிறார், மிச்சம் அவருக்கும் விளங்கவில்லை. “ஆரோ ஒரு ஆளின்ர சம்மதம் வேணுமாம். எந்த ஆள் எண்டு விளங்கேல்ல” என்றார் அன்ரன். எனக்கும் பிரெஞ்சு தெரியாது. விழாவில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு தட்டுச் சோற்றுக்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை இடைவேளையில் அதை எலேன் என்ற பெண்ணிடம் கொடுத்தேன். விழாவுக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. நாற்பது வயசு, ஓயாமல் சிகரெட். லண்டனில் கொஞ்ச காலம் ஹோட்டல் வேலை பார்த்ததால் ஆங்கிலம் சரளம். கடிதத்தைப் படித்துப் பாதியிலேயே சிரித்துவிட்டார். “மன்னியுங்கள், மொஸ்யே குப்புசாமி. நம் படங்களில் ஒன்றின் கதை என்று நினைத்துவிட்டேன்” என்றார்.

கடிதம் சொன்னது இது. விண்ணப்பித்தவர் மொஸ்யே சந்தியாப்பிள்ளை. அவர் வரவழைக்கக் கேட்கும் பெண்ணின் குடும்பப் பெயர் அன்ரன். குழந்தையின் குடும்பப் பெயரும் அன்ரன். ஆகவே இவர்கள் மொஸ்யே அன்ரன் என்பவரின் குடும்பம். மொஸ்யே அன்ரன் எங்கே இருக்கிறார் என்று விண்ணப்பித்தவர் தெரிவிக்கவில்லை. குழந்தை இந்த நாட்டுக்கு வர, தகப்பனாகிய மொஸ்யே அன்ரனின் எழுத்துமூலமான சம்மதம் தேவை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சந்தியாப்பிள்ளை அன்ரனின் அப்பா. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். கல்யாணமானால் பெண்ணுக்குப் புருஷன் பெயர் முன்னால் வரும். ஆக அன்ரனின் முன்னால் சந்தியாப்பிள்ளை, அவர் மனைவி மேரி ஜெசிந்தாவின் முன்னால் அன்ரன், பிள்ளை ஜெராட்டின் முன்னால் அன்ரன். நம் ஊரில் தபால்காரருக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இங்கே ஒரு அலுவலகம் முழுக்க உட்கார்ந்து, எதிரே நாற்காலியில் இருக்கிற ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தது.

அன்ரன் வேலை முடிந்து நேராகத் தியேட்டருக்கு வந்தார். எலேன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். “அன்ரன் எண்டது நான்தான் எண்டு விசாரணையிலயே சொன்னனான் அண்ணை” என்றார். “அன்ரன் எண்ட பேர் இந்த நாட்டில கனபேருக்கு இருக்காம். அவைக்கு அது தற்செயலாம்.” கல்யாணப் பதிவு இருந்த ஊர் ஆபீஸ் கலவரத்தில் எரிந்துபோயிற்று. கையில் இருந்தது ஜெராட்டின் பிறப்புப் பத்திரம் ஒன்றுதான். அதில் தகப்பன் என்ற இடத்தில் எஸ். அன்ரன் என்று கையெழுத்து.

விளக்கை அணைத்துவிட்டார்கள். எழுந்துபோக முடியாமல் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். நகை காணாமல் போன அறையில் ஒரு தொப்பி கிடைக்கிறது. தொப்பிக்குள் ஒரு பெயர் தைத்திருக்கிறது. துப்பறியும் நிபுணர் குதிரை வண்டி பிடித்துக்கொண்டு, அந்தப் பெயர்க்காரனைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார். பாதிரியார், போலீஸ்காரர், சிலை என்று கண்ட தலையில் எல்லாம் தொப்பியை வைத்துப் பார்க்கிறார். தொப்பிக்காரன் அந்த வண்டியை ஓட்டுகிறவன்தான். மொட்டைத் தலையில் பனி விழ விழத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போகிறான். தியேட்டரே சிரித்தது. பியானோக்காரர்கூட இருமலோடு சிரித்தார்.

அன்ரன் கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெளியே வந்ததும், “எனக்குச் சிரிப்பு வரேல்ல, அண்ணை” என்றார்.

வியாழக்கிழமை மூன்று பேருமாக நோய்ஷாத்தெல் நகரத்துக்குக் கிளம்பினோம். கடிதம் அனுப்பிய குடியேற்ற அலுவலகம் அங்கேதான். அன்ரன் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். எலேன் தானாகவே வந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிறகு பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. ஏறின ஊருக்கே திரும்பிப் போகிறது என்று நான் பதறிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். “இருங்கோ அண்ணை! இந்த ரயில் இப்பிடித்தான். மலையில திரும்ப இடம் இல்லை” என்று அன்ரன் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். எலேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அதிகாரிக்கு என் வயசு இருக்கும். கைப்பின்னல் ஸ்வெட்டர், சீவி வரிசையாக வைத்த பென்சில்கள். கோபக்காரர் அல்ல. அது இன்னும் சிரமமாக இருந்தது. நான் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். இதில் குப்புசாமி என்று இருப்பது நான் இல்லை, என் அப்பா என்று சொன்னேன். எலேன் மொழிபெயர்த்தார். அதிகாரி ஒரு தாளில் கட்டம் போட்டார்.

“உங்கள் மகன் பெயர்?”

“நடராஜன் ரவி.”

“அவர் மகன்?”

“ரவி ஏதோ ஒன்று. இன்னும் பிறக்கவில்லை.”

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் குடும்பம் வேறு குடும்பமாகிவிடுகிறது. பிறகு எப்படி ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறீர்கள்?”

அன்ரன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “நாங்கள் துலையிறேல்ல. எங்களைத் துலைச்சது நீங்கள்தான்” என்றார். எலேன் கொஞ்சம் யோசித்து, அதை மொழிபெயர்க்காமல் விட்டார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் கோப்பில் ஒரு காகிதம் குறைகிறது. மொஸ்யே அன்ரனின் சம்மதம். அந்தக் கையெழுத்தும் பிறப்புப் பத்திரத்தில் உள்ள கையெழுத்தும் ஒன்றாக இருந்தால் கோப்பு முழுமையாகிவிடும். மொஸ்யே அன்ரன் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்க மாட்டேன்.” சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை அன்ரன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எலேன் பிரெஞ்சில் எழுதினார். நான் தமிழில் சொன்னேன். அன்ரன் ஆகிய நான், என் மனைவி மேரி ஜெசிந்தாவும் என் மகன் ஜெராட்டும் மொஸ்யே சந்தியாப்பிள்ளையுடன் போய் வசிக்கச் சம்மதிக்கிறேன்.

அன்ரன் பேனாவைத் தொடவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஏரி, சாம்பல் நிறத்தில்.

“என்ர மனுசியையும் பிள்ளையையும் இன்னொரு ஆளோட போய் இருக்கச் சொல்லி நானே எழுதிக் குடுக்கிறதோ அண்ணை? என்ர கையால?”

நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தது. “தம்பி, நான் நாலு நாளா எங்க அப்பாவாத்தான் இருக்கேன்” என்றேன். “அவர் பேர் சொன்னாத்தான் எனக்கு இங்க ரூம் சாவியே தர்றாங்க. சினிமாவே பிடிக்காத மனுஷன், பாவம், என்னைப் படம் பார்க்கக் கூட்டிட்டு வந்திருக்காருன்னு நெனச்சுக்கறேன். உங்க அப்பா உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வரட்டுமே.”

“உங்களுக்கு ஆறு நாள். எனக்குச் சாகுமட்டும்” என்றார் அன்ரன். அது சரிதான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே எழுந்து உள்ளே போனார்.

அடுத்த சங்கடம் கையெழுத்து. இரண்டு வருஷமாகப் பாலிஷ் இயந்திரத்தில் கூடுகளை அழுத்திப் பிடித்து அவர் விரல்கள் வீங்கி, நுனி மரத்துப்போயிருந்தன. என் விழா நோட்டீஸின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். பிறப்புப் பத்திரத்தில் இருந்தது வளைந்து நெளிந்து வாலோடு ஓடும் கையெழுத்து. இப்போது வந்தது குச்சி குச்சியாக. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது, எட்டாவது என்று தாள் நிறைந்தது. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. கையை உதறினார், கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார், வெள்ளைத் தாளில் ஒரே மூச்சில் போட்டார்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்து, கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டினார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். இரண்டு நாளாகப் பூதக்கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நானும் கழுத்தை நீட்டி அந்த இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அன்ரன் கைகளை மேஜைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். அறையில் பியானோ இல்லை, இருமல் இல்லை, கடிகாரம் மட்டும்.

அவர் லென்ஸைக் கழற்றினார். முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினார். எழுந்து கை நீட்டி, “நன்றி, மொஸ்யே அன்ரன்” என்றார்.

அன்ரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். திரும்பும்போது ரயில் நடுவழியில் பின்பக்கமாக ஓடியதாம். நான் தூங்கிப்போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் பேச்சு. கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கும் மொஸ்யே குப்புசாமி என்று அறிவித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. டூரிங் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார் என்றும், இந்த ஒற்றர்களுக்கெல்லாம் உள்ளூர்ப் பெயர் வைத்துவிடுவார் என்றும் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. பின்வரிசையில் நீலத் தொப்பி ஒன்று மட்டும் கடைசி வரைக்கும் கை தட்டியது. மறுநாள் ஹோட்டல் புத்தகத்தில் குப்புசாமி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

எட்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு போட்டோ வந்தது. பனியில் அன்ரன் நிற்கிறார், பக்கத்தில் பெரிய கோட்டுக்குள் ஒரு பெண். அன்ரனின் தோளில் ஒரு பையன், அவருடைய நீலத் தொப்பியைக் கண் மறையப் போட்டுக்கொண்டு. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. இந்தப் பயணத்தில் எனக்கு மிச்சமான சந்தோஷம் அது ஒன்றுதான்.

என் மனைவி போட்டோவை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். மூன்று பெயர் எழுதியிருந்தது: சந்தியாப்பிள்ளை அன்ரன், சந்தியாப்பிள்ளை ஜெசிந்தா, சந்தியாப்பிள்ளை ஜெராட்.

“யாருங்க இவங்க?” என்றாள். “அண்ணன், தங்கச்சி, தம்பியா?”

“புருஷன், பொண்டாட்டி, பிள்ளை.”

அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்தாள். “சும்மா இருங்க” என்றாள். “மூணு பேருக்கும் ஒரே அப்பான்னுல்ல போட்டிருக்கு.”